நீரில் இறங்கிய அகழெலி



அறக்கட்டளைச் சொற்பொழிவு என்றால் இலக்கியமோ வரலாறோ பேசுவார்கள் என்று எதிர்பார்ப்பது இயல்பு. நான் ஆறுகளைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அதையும் ஒரு சின்னஞ்சிறு விலங்கை முன்னால் விட்டு, அதன் பின்னால் நடந்து போய்ப் பேச விரும்புகிறேன். ஆற்றில் என்ன இருக்கிறது என்று கேட்டால் தண்ணீர் என்போம். கொஞ்சம் யோசித்து மீன் என்போம். அதற்கு மேலும் அங்கே ஓர் உலகம் இருக்கிறது என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தது இந்த விலங்குதான்.

அதன் பெயர் டெஸ்மன். அகழெலிக் குடும்பத்தைச் சேர்ந்தது. அகழெலியின் வாழ்க்கை முழுவதும் மண்ணுக்குள்தான். அகன்ற முன்னங்கால்களால் மண்ணைத் தள்ளிச் சுரங்கம் போட்டு, மண்புழு தின்று, ஏறக்குறையக் கண் தெரியாமலே காலம் தள்ளும். அந்தக் குடும்பத்தில் ஒரு கிளை மிகப் பழங்காலத்திலேயே நீருக்குள் இறங்கியது. முன்னங்கால் தோண்டும் வேலையை விட்டது. பின்னங்கால் பெரிதாகி, விரல்களுக்கு இடையே தோல் படர்ந்து, ஓரங்களில் விறைப்பான மயிர் முளைத்து, துடுப்பாக ஆனது. ஒரு காலத்தில் இந்தக் கிளையில் பல இனங்கள் இருந்தன. இங்கிலாந்தின் மண்ணிலும் இவற்றின் எலும்புகள் கிடைத்திருக்கின்றன. இன்று உயிரோடு இருப்பவை இரண்டே இனங்கள். ஒன்று பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் நடுவே நிற்கும் பிரனீஸ் மலையிலும், ஸ்பெயின், போர்ச்சுகல் நாடுகளின் வட பகுதி மலைகளிலும் வாழ்கிறது. மற்றது ரஷ்யாவில் வோல்கா, டான், உரால் ஆறுகளின் படுகைகளில் வாழ்கிறது.

பிரனீஸ் டெஸ்மனின் எடை 50 முதல் 80 கிராம். ஒரு கோழி முட்டையின் எடை என்று வைத்துக்கொள்ளலாம். உடல் நீளம் 11 முதல் 13 சென்டிமீட்டர். வால் அதைவிடச் சற்று நீளம். முகத்தில் முதலில் கண்ணில் படுவது மூக்குதான். தட்டையாக, கறுப்பாக, வெறுந்தோலோடு நீண்டு, எல்லாத் திசையிலும் வளைந்து துழாவிக்கொண்டே இருக்கும். 1811-இல் ஜெஃப்ராய் செயின்ட் இலேர் என்ற பிரெஞ்சு விலங்கியலாளர் இதற்கு அறிவியல் பெயர் வைத்தார். பிரெஞ்சுக் கிராமத்தார் இதை ஊதுகுழல் எலி என்று அழைப்பார்கள். எலிக்கும் இதற்கும் உறவு கிடையாது.

இரவில் இது இரை தேடும் விதத்தைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்ப்போம். கரையோரப் பாறை இடுக்கிலிருந்து வெளியே வந்து, நுரைத்து ஓடும் குளிர்ந்த நீரில் இறங்கும். மூக்குத் துளையையும் காதையும் மூடிக்கொள்ளும். அடர்ந்த உள்மயிரில் காற்று சிக்கியிருப்பதால் உடம்பு மேலே மேலே மிதக்கப் பார்க்கும்; அடியில் இருக்க வேண்டுமானால் ஓயாமல் பின்னங்காலை உதைக்க வேண்டும், அல்லது நீண்ட நகங்களால் கல்லைப் பற்றிக்கொள்ள வேண்டும். அப்படிப் பற்றிக்கொண்டு, கல்லின் அடியிலும் இடுக்கிலும் மூக்கை நுழைத்துத் தடவும். அந்த மூக்கின் நுனியில் ஆயிரக்கணக்கான மிக நுண்ணிய புடைப்புகள் உண்டு. தொடு உணர்வுக்கான நரம்பு முனைகள் ஒவ்வொன்றிலும் அடுக்கடுக்காக நிற்கின்றன. தியோடர் ஐமர் என்ற ஜெர்மானியர் 1871-இல் அகழெலியின் மூக்கில் இவற்றை முதலில் விவரித்தார். இன்றும் ஐமர் உறுப்புகள் என்றே வழங்குகின்றன. கும்மிருட்டில், பாய்ந்தோடும் நீரில், கண்ணை நம்பாமல் ஒரு புழுவையும் ஒரு கூழாங்கல்லையும் பிரித்தறிய இது போதும். புழு அகப்பட்டதும் மேலே வந்து ஒரு பாறையில் உட்கார்ந்து தின்னும். பிறகு மறுபடி முங்கும். இரவெல்லாம் இதே வேலை. உடம்பு சிறியது, நீர் குளிர்ந்தது; உண்டுகொண்டே இருந்தால்தான் உடம்புச் சூட்டைக் காப்பாற்ற முடியும்.

இதன் உறவினர் ஒருவர் வட அமெரிக்காவில் இருக்கிறார். மூக்கைச் சுற்றி 22 சதைக் கதிர்கள் கொண்ட நட்சத்திர மூக்கு அகழெலி. கென்னத் கட்டானியா என்ற ஆய்வாளர் 2006-இல் ஒரு செய்தியை வெளியிட்டார். இந்த அகழெலி நீருக்கடியில் மூச்சுக் குமிழியை ஒரு பொருளின் மேல் ஊதி, அதே குமிழியைத் திரும்ப உள்ளிழுத்து மோப்பம் பிடிக்கிறது. பாலூட்டிகள் நீருக்கடியில் முகர முடியாது என்று அதுவரை எல்லோரும் நம்பியிருந்தார்கள். அதே ஆய்வில் நீர் மூஞ்சூறு ஒன்றும் இதையே செய்வதாகக் கண்டார். இந்த நீர் மூஞ்சூற்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இமயமலைக்குப் போகும்போது அதன் உறவினரைப் பார்க்கப் போகிறோம்.

முதலில் ரஷ்யாவுக்குப் போவோம். அங்கே நடந்ததில் நாம் படித்துக்கொள்ள வேண்டியது நிறைய இருக்கிறது.

ரஷ்ய டெஸ்மன் பெரியது. அரைக் கிலோவை எட்டும். மலை ஓடையை நாடாது. வெள்ளம் வடிந்த பிறகு ஆற்றுச் சமவெளியில் தேங்கி நிற்கும் ஏரிகளும், ஆறு திசை மாறியபோது விட்டுப்போன பழைய வளைவுகளும்தான் அதன் வீடு. கரையில் வளை தோண்டும். வாசல் நீருக்கடியில் இருக்கும். குளிர்காலத்தில் ஏரி முழுக்க உறைந்த பிறகும் பனிக்கட்டிக்கு அடியில் நீந்தி அட்டை, நத்தை, பூச்சிப்புழு தின்னும். அது விடும் மூச்சுக் குமிழிகள் பனிக்கட்டியின் அடியில் சரமாகத் தேங்கி நிற்பதை வைத்து வேடர்கள் அது போன வழியைக் கண்டுபிடிப்பார்கள். வாலின் அடியில் கஸ்தூரி போன்ற மணமுள்ள சுரப்பிகள் உண்டு. அந்த மணத்துக்காகவும், தண்ணீர் ஒட்டாத பட்டு மயிருக்காகவும் அதைக் கொன்றார்கள். 19-ஆம் நூற்றாண்டில் ஆண்டுக்கு ஆயிரம் ஆயிரமாக அதன் தோல்கள் சந்தைக்கு வந்தன.

சோவியத் அரசு விழித்துக்கொண்டது. வேட்டைக்குத் தடை வந்தது. 1935-இல் வரோனெஷ் வட்டாரத்தில் ஹோப்யோர் ஆற்றங்கரையில் இந்த ஓர் உயிருக்காகவே ஒரு காப்பகம் அமைத்தார்கள். பிடித்த டெஸ்மன்களை ஆயிரக்கணக்கில் வேறு ஆறுகளுக்குக் கொண்டுபோய் விட்டார்கள். எண்ணிக்கை ஏறியது. அத்தோடு கதை நன்றாக முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. நைலான் நூல் வலை வந்தது. கண்ணுக்குத் தெரியாத, மலிவான, ஏரியில் கட்டிவிட்டு மறந்துபோகக்கூடிய வலை. டெஸ்மனால் சில நிமிடங்கள்தான் மூச்சடக்க முடியும். மீனுக்குப் போட்ட வலையில் மாட்டினால் மூழ்கிச் சாகிறது. வோல்காவில் பெரிய அணைகள் எழுந்தன. வசந்த வெள்ளம் பரவிய சமவெளி ஏரிகளுக்கு வெள்ளம் வருவது நின்றது. தோலுக்காக அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த நீரெலியும் மிங்க் என்ற விலங்கும் அதன் இடத்தைப் பிடித்தன. உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் இன்று அது அழிவின் விளிம்பில் உள்ள இனம்.

இதை ஏன் விரித்துச் சொல்கிறேன் என்றால், ரஷ்யாவில் அந்த விலங்கை யாரும் வெறுக்கவில்லை. சட்டம் இருந்தது, காப்பகம் இருந்தது, அதற்கென்றே வாழ்நாளைக் கொடுத்த அறிவியலாளர்கள் இருந்தார்கள். வேட்டைக்காரனிடமிருந்து அதைக் காப்பாற்ற முடிந்தது. வலையிலிருந்தும் மதகிலிருந்தும் காப்பாற்ற முடியவில்லை. விலங்கைக் காத்து, அதன் நீரைக் கைவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் பார்த்ததில்லை.

பிரனீஸ் டெஸ்மனின் கதையும் நீரில்தான் போய் நிற்கிறது. அது தின்னும் பூச்சிப்புழுக்களைப் பார்த்தால் காரணம் விளங்கும். மலை ஓடையில் கால் நனைய நின்று ஒரு கல்லைப் புரட்டுங்கள். கல்லின் அடியில் தட்டையாக ஒட்டிக்கொண்டு, வாலில் இரண்டு இழைகளோடு ஓடும் புழு ஸ்டோன்ஃப்ளையின் குஞ்சு. வயிற்றின் இரு பக்கமும் செவுள் இலைகள் படபடக்க இருப்பது மேஃப்ளையின் குஞ்சு. சிறகு முளைத்த பிறகு அதன் வாழ்வு சில மணி நேரமோ ஒன்றிரண்டு நாளோதான், ஆனால் நீருக்குள் மாதக் கணக்கில், சில இனங்கள் ஓராண்டுக்கு மேலும் வாழும். கல்லின் மேல் ஒரு மணல் குழாய் ஒட்டியிருந்தால் அதற்குள் இருப்பது கேடிஸ்ஃப்ளைப் புழு. வாயிலிருந்து பட்டு நூல் சுரந்து, மணல் மணியை மணியோடு ஒட்டி, தன் உடம்புக்கு அளவெடுத்து அந்த வீட்டைக் கட்டிக்கொண்டிருக்கும். அதைக் கையில் எடுத்து உற்றுப் பார்த்தவர்கள் அவ்வளவு எளிதில் கீழே போட மாட்டார்கள்.

இந்த மூன்றுக்கும் குளிர்ந்த, உயிர்க்காற்று நிறைந்த, ஓடிக்கொண்டே இருக்கும் நீர் வேண்டும். கற்களின் இடுக்கில் சேறு அடையக் கூடாது. அணையைக் கட்டி, மலையைக் குடைந்து, ஆற்றைக் குழாய்க்குள் திருப்பினால் நடுவிலுள்ள சில கிலோமீட்டர் காய்ந்துபோகும். கீழே மின் நிலையத்தில், மின் தேவை கூடும் நேரத்தில் நீரைத் திறந்துவிட்டு மற்ற நேரத்தில் நிறுத்துவார்கள். ஓடை ஒரு மணி நேரத்தில் பொங்கும். அடுத்த சில மணியில் வற்றும். பொங்கும்போது புழுக்கள் அடித்துச் செல்லப்படும், வற்றும்போது கல்லோடு காய்ந்து சாகும். அணையின் அடியில் தேங்கிய வண்டலை அலசிவிட்டால் இடுக்குகள் அடைபடும். மூக்கை நுழைக்க டெஸ்மனுக்கு இடமும் இல்லை, நுழைத்தாலும் அங்கே ஒன்றும் இல்லை. ஸ்பெயினின் நடு மலைகளிலிருந்து அது ஏறக்குறைய மறைந்துவிட்டது. பிரான்சில் 2014 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியோடு பல ஆண்டுகள் ஒரு மீட்புத் திட்டம் நடந்தது. அந்தத் திட்டத்தின் வேலைகளில் ஒன்று, மின் நிலையங்களோடு உட்கார்ந்து எப்போது எவ்வளவு நீர் விடுவது என்று பேசுவது.

மதகைத் திடீரென்று திறந்தால் என்ன ஆகும் என்பதை நம் நாட்டில் மனித உயிரைக் கொடுத்துத் தெரிந்துகொண்டோம். 2014 ஜூன் 8 அன்று இமாசலப் பிரதேசத்தில், மண்டி அருகே, பியாஸ் ஆற்றின் பாறைகளில் நின்றிருந்த ஹைதராபாத் பொறியியல் மாணவர்கள் 24 பேரை, லார்ஜி அணையிலிருந்து திறந்துவிட்ட நீர் கொண்டுபோனது. அவர்கள் கரையேறச் சில நிமிடங்கள்கூடக் கிடைக்கவில்லை. அந்தச் செய்தியைப் படித்த எவரும் மறந்திருக்க மாட்டோம். அந்த ஆற்றின் கற்களுக்கு அடியில் வாழும் உயிர்களுக்கு அந்தத் திடீர் நீர் ஒரு நாள் செய்தியாக முடிவதில்லை; தினமும் வருகிறது.

இமயமலைக்கு வந்துவிட்டோம். டெஸ்மன் இந்தியாவில் கிடையாது. அகழெலி உண்டு, நேபாளம், டார்ஜிலிங் பக்கத்து அகழெலியை 1841-இல் ஹாட்ஜ்சன் என்ற இயற்கையியலாளர் விவரித்தார், காசி மலையின் வெள்ளைவால் அகழெலியை 1850-இல் பிளைத் என்ற விலங்கியலாளர் விவரித்தார். தென்னாட்டில் அகழெலியே இல்லை. ஆனால் டெஸ்மன் செய்யும் வேலையை நம் மலைகளில் செய்வதற்கு ஒருவர் இருக்கிறார்: இமய நீர் மூஞ்சூறு. அகழெலியும் மூஞ்சூறும் முள்ளெலியும் ஒரே பெரும் வரிசையில் அடங்கும் தூரத்து உறவினர்கள்.

மூஞ்சூற்றை நமக்கு அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. பிள்ளையாரின் காலடியில் இருப்பதை எலி என்றும் சொல்வோம், மூஞ்சூறு என்றும் சொல்வோம். வீட்டுச் சுவரோரமாகக் கிறீச்சென்று கத்திக்கொண்டு ஓடுவதும், அடுக்களையில் கரப்பான் பூச்சியைத் தின்று நமக்கு நன்மை செய்வதும், அதற்கு நன்றியாக நாம் துடைப்பத்தை எடுப்பதும் எல்லா வீட்டிலும் நடப்பதுதான். தாய் இடம் மாறும்போது குட்டிகள் ஒன்றின் வாலடியை ஒன்று கவ்விக்கொண்டு வரிசையாகப் போகும் காட்சியைப் பார்த்தவர்கள் இந்த அவையிலும் இருப்பீர்கள். அந்த மூஞ்சூற்றின் உறவினர்தான் இமயத்தில் நீருக்குள் இறங்கியது. டெஸ்மனுக்கு நடந்த அதே மாற்றங்கள் இதற்கும் நடந்தன. பாதத்தின் ஓரங்களில் விறைப்பான வெள்ளை மயிர் வரிசை. வாலின் அடியில் மயிர்க் கரை. கரும் பழுப்பு மயிரின் நடுவே அங்கங்கே வெள்ளி முனையோடு நீட்டி நிற்கும் நீண்ட மயிர்கள். சிறிய கண். மூடிக்கொள்ளும் காது. உறவு தூரமானாலும் ஓடை இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்திருக்கிறது. ஜம்மு காஷ்மீர், இமாசலம் தொடங்கிச் சிக்கிம், அருணாசலம் வரை மலை ஓடைகளில் இது வாழ்கிறது. சிக்கிமில் இன்னும் ஒரு படி மேலே போன ஓர் உறவினரும் உண்டு. வெளிக்காதே இல்லாமல், வழுக்குப் பாறையைப் பற்ற உள்ளங்காலில் வட்டத் திண்டுகளோடு வாழும் அந்த இனத்தை 1870-இல் மில்ன் எட்வர்ட்ஸ் என்ற விலங்கியலாளர் சீனத்து மாதிரியிலிருந்து விவரித்தார்.

இமய நீர் மூஞ்சூற்றுக்கு 1842-இல் பெயர் வைத்தவர் லண்டன் அருங்காட்சியகத்தின் ஜான் எட்வர்ட் கிரே. அவரிடம் போய்ச் சேர்ந்த உடல் சம்பாவில் பிடிபட்டது. ராவி ஆறு ஓடும் அதே சம்பா, இன்றைய இமாசலத்தின் ஒரு மாவட்டம். அறிவியலுக்கு இந்த உயிரைக் கொடுத்த அந்த மாவட்டத்தில் இன்று சமேரா நீர்மின் திட்டங்கள் நிற்கின்றன: முதலாவது 540 மெகாவாட், இரண்டாவது 300, மூன்றாவது 231. இந்தத் தில்லி நகரத்தின் விளக்குகளும் குளிர்சாதனங்களும் வட இந்திய மின்தொகுப்பின் வழியே அப்படிப்பட்ட ஆறுகளோடு கட்டப்பட்டிருக்கின்றன. மின்சாரம் வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. ஆற்றிலிருந்து எதை எடுக்கிறோம் என்று தெரிந்துகொண்டு எடுக்க வேண்டும் என்கிறேன்.

இத்தகைய உயிர்களை நாம் அறிந்ததெல்லாம் அருங்காட்சியக இழுப்பறைகளின் வழியாகத்தான். உள்ளே பஞ்சு அடைத்த ஒரு சாண் தோல். பின்னங்காலில் நூலால் கட்டிய அட்டை; அதில் பிடித்த இடம், நாள், உயரம். எவரோ ஒருவர் மலையில் நின்று மையால் எழுதிய அந்த நான்கு வரிதான், நூறு ஆண்டுக்குப் பிறகு அங்கே அந்த உயிர் இருந்தது என்பதற்கு ஒரே சாட்சி. தில்லிக்காரர்கள் இதை ஒருமுறை நேரில் இழந்தோம். மண்டி ஹவுஸ் பக்கத்தில் ஃபிக்கி கட்டிடத்தில் 1978 முதல் இயங்கிய தேசிய இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் 2016 ஏப்ரல் 26 அன்று தீயில் எரிந்துபோனது. பள்ளிக் குழந்தைகளாக அங்கே வரிசையில் நின்றவர்கள் இந்த அவையில் பலர் இருப்பீர்கள். அந்த இழப்புக்கு இந்த நகரம் போதுமான அளவு வருந்தவில்லை என்பது என் கருத்து.

தமிழ் பேசும் மலைகளுக்கும் இதில் ஒரு பங்கு இருக்கிறது. இலங்கையின் மலைநாட்டுச் சதுப்புகளிலும் மேற்குத் தொடர்ச்சி மலையின் உயரங்களிலும் மட்டும் வாழும் ஒரு நீள்நக மூஞ்சூறு உண்டு. தன் பேரினத்தில் அது ஒன்றே ஒன்று. உலகில் வேறெங்கும் இல்லை. 1850-இல் அதை விவரித்தவர் எட்வர்ட் ஃபிரெடெரிக் கெலார்ட், இலங்கையிலேயே பிறந்த மருத்துவர். பாக் நீரிணைக்கு இரு பக்கமும், ஈரப் புல்வெளியும் சோலைக் காடும் சந்திக்கும் இடத்தில் அது வாழ்கிறது. தேயிலைக்கும் யூகலிப்டசுக்கும் சீகைக்கும் அந்தச் சதுப்புகளை நாம் கொடுத்துவிட்டோம். மிச்சம் இருப்பதும் அணைக்கட்டுகளின் கரையோரத் துண்டுகளாகத்தான் பல இடங்களில் நிற்கிறது.

சங்கப் புலவர்கள் நீர்நாயைப் பார்த்திருக்கிறார்கள். அது வாளை மீனுக்கு அலைவதைப் பாட்டில் வைத்திருக்கிறார்கள். கல்லுக்கு அடியில் இருப்பதைப் பார்க்க நமக்கு வெகு நாளாயிற்று. மதுரையில் இருந்துகொண்டு கே. ஜி. சிவராமகிருஷ்ணன் மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளின் மேஃப்ளைகளை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார். இப்படிப்பட்டவர்களின் வேலை பத்திரிகையில் வராது. ஆனால் ஓர் ஓடை நலமாக இருக்கிறதா என்று கேட்டால் விடை சொல்லக் கூடியவர்கள் அவர்களே. இந்தியாவின் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் ஆற்றடியில் வாழும் இந்தச் சிற்றுயிர்க் குடும்பங்களுக்கு மதிப்பெண் கொடுத்து நீரின் தரத்தைக் கணிக்கும் முறை ஒன்றை வைத்திருக்கிறது. ஸ்டோன்ஃப்ளை இருந்தால் உயர்ந்த மதிப்பெண். செந்நிறச் சேற்றுப் புழு மட்டும் இருந்தால் அடிமட்டம். சோதனைக் குழாயில் எடுக்கும் நீர் அந்த நிமிடத்தின் நிலையைச் சொல்லும். கல்லின் அடியில் இருக்கும் புழு கடந்த பல மாதங்களின் கதையைச் சொல்லும். அந்த முறையை நாடெங்கும் தொடர்ந்து பயன்படுத்தினாலே நம் ஆறுகளைப் பற்றி இன்று தெரிந்ததைப் போலப் பல மடங்கு தெரிந்துவிடும்.

இனி நம் வீட்டு வாசலில் ஓடும் யமுனை. பந்தர்பூஞ்ச் சிகரத்தின் பனியில் தொடங்கி பிரயாக்ராஜில் கங்கையில் சேரும் வரை அதன் நீளம் 1,376 கிலோமீட்டர். அதில் வசீராபாத் தடுப்பணை முதல் ஓக்லா வரை தில்லிக்குள் ஓடுவது வெறும் 22 கிலோமீட்டர், இரண்டு சதவீதத்துக்கும் குறைவு. ஆற்றின் மொத்த மாசில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் சேர்வது இந்த 22 கிலோமீட்டரில். கோடையில் வசீராபாத்தோடு ஆற்றின் நன்னீர் ஏறக்குறைய முடிந்துவிடும். அதற்குக் கீழே நஜஃப்கட் சாக்கடை வந்து சேரும். அந்தச் சாக்கடையும் ஒரு காலத்தில் சாகிபி என்ற ஆறு.

சாக்கடை நீரைச் சுத்திகரிக்க வேண்டும் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ஆற்றில் ஆற்று நீரே இல்லாதபோது எந்தச் சுத்திகரிப்பும் ஆற்றைத் திருப்பித் தராது. மேட்டூர் அணைச் செய்தியை நாள்தோறும் படித்து வளர்ந்த நமக்குக் கனஅடிக் கணக்கு புதிதல்ல. ஹத்னிகுண்டில் யமுனையிலிருந்து கால்வாய்களுக்கு நீரைப் பிரித்த பிறகு, ஆற்றுக்கென்று வறட்சிக் காலத்தில் விடப்படுவது விநாடிக்கு 10 கனமீட்டர், அதாவது சுமார் 350 கனஅடி. ரூர்க்கியில் உள்ள தேசிய நீரியல் நிறுவனம் ஆராய்ந்து, 23 கனமீட்டராவது வேண்டும் என்று சொன்னது. ஐந்து மாநிலங்கள் யமுனை நீரைப் பங்கிட்டுக்கொண்ட 1994-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தை 2025-க்குப் பிறகு மறுபரிசீலனை செய்யலாம் என்று அந்த ஒப்பந்தமே வழி விட்டிருக்கிறது. இது நல்ல தருணம். ஒவ்வொரு மாநிலமும் தன் பங்கைக் கேட்கும். ஆற்றின் பங்கை யாராவது கேட்க வேண்டும்.

மேல் கங்கைக்கு அப்படி ஒரு பங்கு எழுதப்பட்டிருக்கிறது. 2018 அக்டோபரில் மத்திய அரசு வெளியிட்ட அறிவிக்கை, நவம்பர் முதல் மார்ச் வரை மாதச் சராசரி நீர்வரத்தில் 20 சதவீதமும், அக்டோபர், ஏப்ரல், மே மாதங்களில் 25 சதவீதமும், ஜூன் முதல் செப்டம்பர் வரை 30 சதவீதமும் ஆற்றில் விட வேண்டும் என்றது. போதாது என்பவர்கள் உண்டு. நானும் அந்தக் கட்சிதான். இருந்தாலும், ஓர் ஆற்றுக்கு அதன் நீரிலேயே உரிமை உண்டு என்பதை அரசிதழில் அச்சிட்டது பெரிய செயல்.

எனக்கு மிகுந்த கவலை தருவது சிறு திட்டங்கள். 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, 25 மெகாவாட்டுக்குக் குறைந்த நீர்மின் திட்டத்துக்கு முன் அனுமதி வேண்டியதில்லை. சிறியது தீங்கு செய்யாது என்பது அதன் அடியில் இருக்கும் நம்பிக்கை. ஆனால் சிறு திட்டம் வருவது சிறு ஓடையில். நீர் மூஞ்சூறு வாழ்வதும் சிறு ஓடையில். பெரிய ஆற்றுக்கு 5 மெகாவாட் ஒரு பொருட்டில்லை. தாண்டிக் குதிக்கக்கூடிய ஓர் ஓடைக்கு அது முழு உயிர். ஒரே பள்ளத்தாக்கில் இப்படி ஒன்றின் கீழ் ஒன்றாகப் பத்து வந்தால், அந்த ஓடை மலையில் ஓடுவது குறைந்து குழாயில் ஓடுவது கூடிவிடும். பசுமை மின்சாரம் என்ற பெயரை அதற்குக் கொடுப்பதற்கு முன், அந்த ஓடையின் ஒரு கல்லையாவது புரட்டிப் பார்த்திருக்க வேண்டும்.

சட்டத்தில் ஒரு நல்ல மாற்றம் வந்திருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். 1972-ஆம் ஆண்டின் வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில், எலியும் சுண்டெலியும் காகமும் பழந்தின்னி வௌவாலும் கொல்லத்தக்க தீங்குயிர்கள் என்று ஒரு பட்டியல் இருந்தது. 2022-இல் சட்டத்தைத் திருத்தியபோது அந்தப் பட்டியலை எடுத்துவிட்டார்கள். மூஞ்சூறு அந்தப் பட்டியலில் இருந்ததில்லை. ஆனால் எலியைப் போல இருப்பதாலேயே எலியின் கதியை அது அடைந்து வந்திருக்கிறது.

இந்தச் சொற்பொழிவைத் தில்லியில் கேட்டார்கள் என்பதால்தான் இந்தப் பொருளை எடுத்தேன். இந்த நகரத்தில் நம்மவர்கள் மூன்று தலைமுறையாக மத்திய அரசு அலுவலகங்களில் வேலை பார்த்துவருகிறார்கள். மின்துறை, நீர்வளத் துறை, சுற்றுச்சூழல் துறை, திட்டங்களுக்குக் கடன் தரும் நிதி நிறுவனங்கள் என்று இந்த அவையில் உட்கார்ந்திருப்பவர்களின் மேசை வழியாக இமயத்தின் ஓடைகள் கோப்புகளாகப் போய்வருகின்றன. அந்தக் கோப்பில் நீரின் அளவு இருக்கும், மெகாவாட் இருக்கும், செலவும் வரவும் இருக்கும். கையெழுத்திடும் முன் சில கேள்விகளைக் குறிப்பாக எழுதி அனுப்புங்கள். இந்த ஓடையின் அடியில் என்ன வாழ்கிறது என்று எந்த மாதத்தில், எத்தனை இடத்தில் பார்த்தீர்கள்? இரவில் பார்த்தீர்களா? மதகு திறக்கும் நேரத்தையும் மூடும் நேரத்தையும் யார் முடிவு செய்கிறார்கள்? நீரைப் படிப்படியாக ஏற்றி இறக்க என்ன ஏற்பாடு? அணைக்கும் மின் நிலையத்துக்கும் நடுவே ஜனவரி மாதத்தில் எத்தனை கனஅடி ஓடும்? இவற்றைக் கேட்க எந்தச் சட்டத் திருத்தமும் தேவையில்லை. உங்கள் நாற்காலிக்கு அந்த உரிமை ஏற்கெனவே இருக்கிறது. ஓய்வு பெற்றவர்கள் யமுனை ஒப்பந்தம் மறுபரிசீலனைக்கு வரும்போது ஆற்றின் பங்குக்காக மனு எழுதுங்கள். கோப்பு மொழி உங்களைவிட யாருக்கு நன்றாகத் தெரியும்? ஆசிரியர்கள் உங்கள் மாணவர்களை வசீராபாத்துக்கு மேலே, ஜகத்பூர் பக்கம் தில்லி வளர்ச்சி ஆணையமும் தில்லிப் பல்கலைக்கழகமும் சேர்ந்து உருவாக்கிய யமுனைப் பல்லுயிர்ப் பூங்காவுக்கு அழைத்துப் போங்கள். அடுத்த கோடை விடுமுறைக்கு மலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளோடு ஓர் ஓடையில் இறங்கி ஒரு கல்லைப் புரட்டிக் காட்டுங்கள். பார்த்த பிறகு கல்லைப் புரட்டிய இடத்திலேயே, இருந்தபடியே வைத்துவிட்டு வாருங்கள்.